பிரித்துக் கிடந்த துப்பாக்கி

கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். கோழி மண்ணைக் கிளறிவிட்டுப் போன மாதிரிதான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பெரிய ற எங்கே வரும், சின்ன ர எங்கே வரும் என்பது இன்றைக்கும் குழப்பம். தையல் மெசினில் கோடு நேராகப் போகும், காகிதத்தில் போக மாட்டேன் என்கிறது. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப் பண்ணைகளில், வேலைக்காரக் குடும்பங்களுக்கென்று வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை லைன் வீடுகளில் வளர்ந்த என் வயசுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இதில் பாதி புரியாது. நேரில் சொல்லலாம்தான். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. அது ஏன் என்பதும் இதிலேயே வரும்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பண்ணைக்குள் தீபாவளிக்கும் வெடி கிடையாது. பொட்டு வெடி வைத்து அடிக்கிற துப்பாக்கிகூடக் கிடையாது. கோழி பயந்த ஜாதி. சத்தம் கேட்டால் முட்டை குறையும். கூண்டில் ஏற்றாத வளர்கோழி என்றால் இன்னும் மோசம். தரையில் உமி பரப்பி விட்டிருப்பார்கள். ஒன்று பயந்து ஓடினால் கொட்டாயில் இருக்கிற அத்தனையும் ஒரே மூலைக்கு ஓடும். ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். அதனால் அப்பா கொட்டாய்க்குள் நுழையும் முன்னால் கதவை மெல்லத் தட்டி, "வாரேன் சாமி, வாரேன்" என்று கோழிகளிடம் சொல்லிவிட்டுத்தான் காலை வைப்பார். எங்களிடம் அந்தக் குரலில் அவர் பேசினது குறைவு.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு முழுப் பரீட்சை லீவில் துப்பாக்கி ஒன்று வந்தது. அந்த லீவுதான் என் அண்ணன் எங்கள் வீட்டில் இருந்த கடைசி லீவு.

கொண்டுவந்தது பண்ணைக்காரர் மகன். விடுதிப் பள்ளியில் தங்கிப் படித்தவன், அண்ணன் வயசு. அவனுடைய சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தாராம். மஞ்சளும் நீலமுமாக, கையில் எடுத்தால் வழுவழுவென்று இருக்கும். குண்டு என்பது விரல் நீளத்துக்கு ஒரு பஞ்சு. பின்னால் இருக்கிற கம்பியை இழுத்து, விசையை அமுக்கினால் காற்று தள்ளி அந்தப் பஞ்சு பறக்கும். "டொப்" என்று பாட்டில் மூடி திறக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பண்ணைக்காரரே வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு, "இது கொசுவைக்கூட எழுப்பாது, ஆடுங்கடா" என்று சொல்லிவிட்டார். எங்கள் பண்ணையில் அனுமதி கிடைத்த ஒரே துப்பாக்கி அது.

சில நாளிலேயே அது சோர்ந்துவிட்டது. பஞ்சு வாயிலிருந்து எச்சில் வழிகிற மாதிரி முன்னாலேயே விழுந்தது. பண்ணைக்காரர் மகன் அதை அண்ணனிடம் கொண்டுவந்தான்.

"இதப் பாருடா. தூரமே போக மாட்டேங்குது."

அண்ணன் வாங்கி ஆட்டிப் பார்த்தான். காதில் வைத்துக் கம்பியை இழுத்து விட்டுக் கேட்டான். "ஸ்பிரிங்கு சோம்பேறிங்க. உள்ள இருக்கற வாசரும் காஞ்சு போச்சு. பிரிக்கட்டுங்களா?"

"பிரிச்சா மறுபடி மாட்டிருவியா?"

"மாட்டலீன்னா நீங்க பிரிச்சீங்கன்னு சொல்லிக்கலாம்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். சத்தமில்லாமல்தான், பக்கத்துக் கொட்டாயில் கோழி இருந்தது.

அப்புறம் அந்த லீவு முழுக்க அதே வேலை. சைக்கிள் பம்பிலிருந்து தோல் வாசரைக் கழற்றி, தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, பிளேடால் ஓரம் சீவி உள்ளே போட்டான். ஸ்பிரிங்குக்கு நாமக்கல்லுக்கு நடந்தே போனோம். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளின் பின்பக்கம் இரும்புச் சீவலும் பெயிண்ட் டப்பாவுமாகக் குவிந்து கிடக்கும். அதில் அண்ணன் கோழி கிளறுகிற மாதிரி கிளறுவான். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கிக் கண்ணை மூடிக்கொள்வான். சிலதை உடனே வீசுவான். சிலதை என் கையில் கொடுத்து, "இதையும் அமுக்கிப் பாரு. கோவக்காரன் இவன்" என்பான். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

குண்டு தொலைந்துகொண்டே இருந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தான். பட்டறைக்குப் பக்கத்தில் லாரி சீட் தைக்கிற குசன் கடை. அந்தக் கடைக்காரர் வெட்டிப் போட்ட பஞ்சுத் துண்டுகளை ஒரு சாக்கில் அள்ளிக்கொள்ளச் சொன்னார். உடைந்த குடையின் நடுக்குழாயை அறுத்து, ஒரு முனையைக் கல்லில் தேய்த்துக் கூராக்கி, பஞ்சில் வைத்துத் திருகினால் உருளையாக வரும். முதலில் பிய்ந்து பிய்ந்து வந்தது. பஞ்சை நனைத்து வெட்டினால் சுத்தமாக வரும் என்று அண்ணன்தான் கண்டுபிடித்தான். வெட்டினதைக் கொடியில் காயப் போடுவோம். அம்மா துணி காயப் போட வந்து, "என்ன எழவுடா இது, எலிக்குட்டி காயப் போட்ட மாதிரி" என்றாள்.

வெறும் பஞ்சு நேராகப் பறக்காது, காற்றில் துள்ளும். மூக்கில் கொஞ்சம் கனம் வேண்டும். அதற்குக் கிடைத்ததுதான் கோழி மருந்து பாட்டிலின் ரப்பர் மூடி. தடுப்பு மருந்து போட்டு முடித்ததும் காலி பாட்டில்கள் ஒரு வாளியில் கிடக்கும். தகரப் பூணைப் பிரித்தால் மூடி கழன்று வரும். அடிப்பாகம் குறுகலாக இருக்கும். அதைப் பஞ்சுக்குள் செருகி, பங்ச்சர் ஒட்டுகிற சொல்யூசன் வைத்தால் கச்சிதமாக உட்காரும். அந்த ரப்பர் மூடியின் வாசம், மருந்தும் ஐஸும் கலந்த மாதிரி, இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. தீவன அறையில் கருவாட்டுத் தூள் நாற்றம். அதையும் மீறி அந்த வாசம் வரும்.

முட்டை அடுக்குகிற அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்து, எந்தக் குழியில் குண்டு போய்ச் சிக்குகிறது என்று பார்ப்போம். முதலில் கட்டில் தூரம். அப்புறம் அறைக் குறுக்களவு. அப்புறம் லைன் வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. சத்தம் மட்டும் கூடவே இல்லை. எண்ணெய் போட்ட வாசர் வந்த பிறகு முன்னைவிடக் குறைந்துவிட்டது. தூரம் போகணும், சத்தம் வரக் கூடாது, இதுதான் அண்ணனுக்கு வைராக்கியம்.

ஒரு மத்தியானம் அப்பா சாப்பிட்டுவிட்டு வந்து கையை நீட்டினார். "குடு பாக்கலாம்." அண்ணன் பயந்துகொண்டே கொடுத்தான். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசலில் குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் முதுகைக் குறிபார்த்து விட்டார். சரியாகப் பட்டது.

அம்மா திரும்பிப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் அப்பாவைக் கை காட்டினோம்.

"ஏனுங்க, பசங்கதான் வெளையாடறானுங்கன்னா நீங்களுமா? சோறு போடறவ முதுகுல ஆராச்சும் சுடுவாங்களா?"

"வலிச்சுதா?"

"வலிச்சுதாமா! ஈ ஒக்காந்த மாதிரி இருந்துச்சு."

அப்பா சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். அந்தத் துப்பாக்கி எவ்வளவு சாது என்று அவருக்குத் தெரியும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

லீவு முடியும் சமயத்தில் பண்ணைக்காரர் முதல் லாரி வாங்கினார். முட்டை ஏற்ற இனி வாடகை வண்டி வேண்டியதில்லை. பாடி கட்டி முடித்த வண்டியைப் பட்டறையிலிருந்து நேராகப் பண்ணைக்கு ஓட்டி வந்து பூசை போடுவதாக ஏற்பாடு. அன்றைக்கு லைன் வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் பொங்கலும் வடையும்.

பண்ணைக்காரர் மகன் காலையிலேயே வந்து அண்ணனிடம், "நாளைக்கு ஆஸ்டலுக்குப் போறேன்டா. சாயங்காலத்துக்குள்ள புது ஸ்பிரிங்கு மாட்டிக் குடுத்துரு, அங்க காட்டோணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதனால் எல்லாரும் பூசைக்குப் போனபோது நாங்கள் போகவில்லை. வளர்கோழிக் கொட்டாயை ஒட்டி இருந்த தீவன அறையில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். அண்ணன் துப்பாக்கியை இரண்டாகப் பிரித்து வைத்தான். பழைய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டான். புது ஸ்பிரிங் அவன் கையில் இருந்தது. ஸ்குருக்களை என் உள்ளங்கையில் போட்டு, "மூடி வெச்சுக்க, தொறக்காதே" என்றான்.

வண்டி வந்து கொட்டாய்க்கு அந்தப் பக்கம் நின்றது. அங்கேதான் வேப்ப மர நிழல். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். வாழைக்கன்று, சாமந்தி மாலை, கண்ணாடி முழுக்கச் சந்தனம். பூசணிக்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழத்தில் சக்கரம் ஏறியது. எல்லாரும் கைதட்டினார்கள். பண்ணை வழக்கம் தெரியாத புது டிரைவர் சந்தோஷத்தில் ஏர் ஆரனை அமுக்கினார்.

அந்தக் காலத்துப் பாட்டு ஆரன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தகரக் கூரை அதிர்ந்தது. நான் துள்ளி விழுந்ததில் கை திறந்து ஸ்குரு எல்லாம் கொட்டிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு பெரிய துணியை உதறின மாதிரி இறக்கைச் சத்தம். டிரைவர் இன்னொரு தடவையும் அடித்தார், முன்னைவிட நீளமாக. அப்புறம் சிரிப்புச் சத்தம். பந்தி போட்டுவிட்டார்கள்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. "தேடு" என்றான். தரையில் சிந்திக் கிடந்த உமியில் கையை விட்டு அளைந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அது இல்லாமல் துப்பாக்கி மூடாது. கொட்டாய் ரொம்ப அமைதியாக இருந்தது. கோழிகள் படுத்துவிட்டன என்று நினைத்துக்கொண்டோம்.

பந்தி முடிந்து அப்பா தண்ணீர் காட்ட வந்தார். "வாரேன் சாமி" என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. அப்புறம் அவர் போட்ட சத்தம், அது எழுத்தில் வராது.

தூரத்து மூலையில் கோழிகள் என் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. மேலே இருந்த சிலது உயிரோடு வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அப்பா கையால் வாரி வாரி இந்தப் பக்கம் எறிந்தார். ஆட்கள் ஓடி வந்தார்கள். கூடை கூடையாக வெளியே போயின. பண்ணைக்காரர் புது வேட்டியோடு வாசலில் நின்றார். நெற்றியில் குங்குமம், கையில் இன்னும் வெற்றிலை.

நான் முன்னால் போனேன். அதுவரை அவரிடம் நான் பேசினதே இல்லை.

"ஆரன் அடிச்சாங்கங்க" என்றேன். "அதுலதாங்க."

எல்லார் காதிலும் விழுந்தது. ஒருத்தரும் பேசவில்லை. இந்த அமைதி எதனால் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பூசை போட்ட அன்றைக்கே, பொட்டு ஈரம் காயும் முன்னே, புது வண்டி இத்தனை உயிரை வாங்கிவிட்டது என்று யார் வாயால் சொல்வது? சொன்னால் அந்த வண்டியில் யார் ஏறுவார்கள்? அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். அவள் கையில் பொங்கல் நெய் வாசம். "கம்முனு இரு சாமி, கம்முனு இரு. நல்ல நாளும் அதுவுமா" என்றாள்.

அப்போதுதான் டிரைவர் தீவன அறையை எட்டிப் பார்த்தார். "இங்க பாருங்க மொதலாளி, துப்பாக்கி!"

கூட்டத்தில் எல்லாரும் மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

அண்ணன் சொன்னான், "அது பிரிச்சுக் கெடக்குதுங்க. ஸ்பிரிங்கே உள்ள இல்லீங்க. எப்படிங்க சுடறது?"

"சுட்டுப்போட்டுப் பிரிச்சிருப்பே."

பண்ணைக்காரர் மகன் அவன் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. யாரும் அவனைக் கேட்கவில்லை. பண்ணைக்காரர் என் அப்பாவைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

அப்பா தீவன அறைக்குள் வந்தார். சாக்கின் மேல் இரண்டு துண்டாகக் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தார். அண்ணன் கையிலிருந்த ஸ்பிரிங்கைப் பார்த்தார். பிறகு அண்ணன் கன்னத்தில் அறைந்தார். "இவன்தாங்க மொதலாளி. நான் பாத்தேனுங்க. கொட்டாய்க்குள்ள போய்ச் சுட்டுட்டு வந்தானுங்க" என்றார்.

அண்ணன் அழவில்லை. அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பண்ணைக்காரர் பெருந்தன்மையானவர் என்று எல்லாரும் சொன்னார்கள். நட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பையன் இனி பண்ணைக்குள்ள வேண்டாம். நீங்க இருங்க" என்றார். அவ்வளவுதான். கொட்டாய்க்குப் பின்னால் பெரிய குழி வெட்டி, செத்த கோழிகளைக் கொட்டிச் சுண்ணாம்பு போட்டார்கள். மேலே கடைசியாகத் துப்பாக்கியை அப்பாவே எறிந்தார். மண்ணைத் தள்ளினார்கள். அந்த மஞ்சள் நிறம் கடைசி வரை தெரிந்தது.

திருச்செங்கோட்டில் எங்கள் மாமன் போர் வண்டியில் இருந்தார். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற வண்டி. அண்ணனை அதில் ஏற்றிவிட முடிவாயிற்று. அந்த வருஷம் ஒன்பதாவது போக வேண்டியவன் அவன். அப்பாவுக்கு அது பெரிய தண்டனையாகத் தெரியவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். "ஊரெல்லாம் பாக்கலாம், வயிறாரச் சோறு, கோவம் ஆறுனதும் கூட்டியாந்தரலாம்" என்று அம்மாவிடம் சொன்னார். கோபம் ஒன்றும் இருக்கவில்லை. இல்லாத கோபம் எப்படி ஆறும்?

கிளம்பும்போது அண்ணன் என்னிடம், "அந்த ஸ்குரு கெடச்சா எடுத்து வெய்யி" என்றான்.

அவன் செய்த வேலைக்கு ஆள் வேண்டும். முட்டை பொறுக்க, தீவனம் தள்ள. பள்ளிக்கூடம் திறந்தபோது நான் ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை. தீவன அறை உமியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அளைந்து பார்ப்பேன். ஒரு நாள் உமியை எல்லாம் கூட்டி அள்ளி, எருவோடு சேர்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். அதே லாரிதான். எருவை எடுத்துக்கொண்டு மோகனூர்ப் பக்கம் எங்கேயோ கரும்புக் காட்டுக்குப் போனது. ஸ்குரு அதில் போயிருக்கும்.

அந்த லாரி பண்ணைக்குள் திரும்பும்போதெல்லாம் அப்பா எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவார். "ஆரன் வேண்டாஞ் சாமி, ஆரன் அடிக்காதீங்க." பண்ணைக்காரரும் அதைப் பார்த்திருக்கிறார். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அப்பாவும் அந்த நாளைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. இப்போது அவர் இல்லை, அம்மாவும் இல்லை.

அண்ணன் எப்போதாவது பொங்கலுக்கு வருவான். ஒவ்வொரு தடவையும் பேச்சு குறைந்திருக்கும், குரல் மட்டும் பெரிசாகியிருக்கும். போர் வண்டியின் கம்ப்ரசர் பக்கத்திலேயே இருந்தவன். முதலில் ஒரு காது, அப்புறம் இன்னொன்று. கல்யாணம் அமையவில்லை. வேலைக்கு ஆக மாட்டான் என்றதும் வண்டிக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது என்னோடுதான் இருக்கிறான். பஞ்சு அள்ளிக்கொள்ளச் சொன்ன அந்தக் குசன் கடையில்தான் நான் வேலை கற்றேன். அதைத்தான் இப்போது நடத்துகிறேன். பின்பக்கம் உட்கார்ந்து பழைய சீட்டுகளின் தையலைப் பிரிப்பது அண்ணன் வேலை. பிரிக்க மட்டும்தான். மாட்டுகிற வேலை எதையும் அவன் தொடுவதில்லை.

சமீபத்தில் பண்ணைக்காரர் மகன் கடைக்கு வந்தார். தலை நரைத்துவிட்டது. வண்டிக்கு சீட் தைக்க வந்தவர், ஒரு பையிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். அதே வகை, ஆரஞ்சு நிறம்.

"எம்பையன் ஆன்லைன்ல ஸ்பிரிங்கு வரவழைச்சு மாத்தறானுங்க. வாசரு, குழாயி எல்லாம். இதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்குதாமா, ஹாபியாமா. நாம அன்னைக்கே பண்ணிட்டமில்ல? குண்டு கொஞ்சம் வெட்டிக் குடுங்க, நீங்க வெட்டுனா நல்லாருக்கும்."

பஞ்சை நனைத்து வெட்டிக் கொடுத்தேன். அவர் அண்ணன் பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தாமலே சிரித்தார். "உங்கண்ணன் கோழி சுட்ட கதைய எம்பையனுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பனுங்க. எத்தன கோழி! ஒத்தப் பஞ்சுத் துப்பாக்கி வெச்சுக்கிட்டு!"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அதை நம்புகிறார். அவருக்கு ஆரன் ஞாபகத்திலேயே இல்லை. நான் தலையாட்டினேன். அவர் வண்டி கிளம்பும்போது டிரைவர் கடை வாசலில் ஆரனை அமுக்கினார். தெருவே திரும்பிப் பார்த்தது. அண்ணன் தலை நிமிரவில்லை. தையலைப் பிரித்துக்கொண்டே இருந்தான்.

அன்றைக்குத்தான் எழுதத் தோன்றியது. அண்ணனிடம் ஒரு தடவையாவது சொல்ல வேண்டும், எனக்குத் தெரியும் என்று. அவன் காதில் விழ வேண்டுமானால் கடைத்தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும். அது என்னால் ஆகாது. அவன் எட்டாவது வரை படித்தவன். என்னைவிட நன்றாகப் படிப்பான்.

கடை லீவு நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி, உங்களுக்கு முன்னால் அவன் படிக்கட்டும் என்று நேற்று மத்தியானம் அவன் கையில் கொடுத்தேன். எழுத்துக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு படித்தான். எலிக்குட்டி என்று அம்மா சொன்ன இடத்தில் லேசாகச் சிரித்தான். ஆரன் வருகிற இடத்தில் விரல் நின்றது. பிறகு மேற்கொண்டு படிக்காமல் தாள்களை மடித்தான்.

"இல்ல சாமி" என்றான். காது கேட்காதவர்கள் பேசுகிற பெரிய குரல். மெசினில் இருந்த பையன்கள் எல்லாம் திரும்பினார்கள். "நாந்தான் சுட்டேன். உனக்கு வெவரம் பத்தாது, நீ சின்னப் பையன். அப்பா பாத்தாரில்ல?"

தாள்களை என்னிடம் நீட்டிவிட்டு, பிரித்த சீட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

துப்பாக்கி பிரித்துக் கிடந்தது. ஸ்பிரிங் அவன் கையில் இருந்தது. ஸ்குரு என் கையில் இருந்தது. இனி இதைச் சொல்ல நான் ஒருத்தன்தான், எனக்கும் வாய் கிடையாது. தெருவில் பையன்கள் வெடி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் தூங்குகிறான்.

ஐப்பசி மாதம், தீபாவளி நாள், மத்தியானம்.